கால் வைக்காத கரை

ராமக்காள் அன்றைக்கு மீன் கூடையை இறக்கியதும் விலை சொல்லவில்லை, தண்ணீர் கேட்டாள். சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பூவிழி புளி தட்டிக்கொண்டிருந்த சாக்குக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். நாலு ஊர் சுற்றி விற்கிற மீன்காரி ஒரு வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் சேதி இருக்கிறது என்று அர்த்தம்.

“என்னாக்கா, ஜிலேபி மீனு இல்லியா இன்னிக்கி?”

“மீனு கெடக்குது போ. உங்கம்மாவப் பாத்துட்டு வர்றேன்.”

புளியங்கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்த சின்னச் சுத்தியல் பூவிழியின் கையில் அப்படியே நின்றது.

“பயப்படாத. கெழவி நல்லாத்தான் இருக்குது. ஆனா உங்கண்ணன் காளியப்பன் திருப்பூர்ல வூடு பாத்துட்டான். பையன் பனியன் கம்பெனியில இருக்கறான்ல, எல்லாரும் அங்கியே போறாங்களாம். ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சறாங்க. கெழவியும் கூடத்தான். ஆட்டயெல்லாம் வெல பேசிட்டாங்க.”

“நெசமாவா?”

“பின்ன, வெயில்ல உன்ன ஏமாத்தறதுக்கா வந்து ஒக்காந்திருக்கறேன்?”

ராமக்காள் எழுந்து போன பிறகும் பூவிழி புளியைத் தொடவில்லை. அடுப்பில் கொள்ளு அடிப்பிடித்து நாற்றம் தெருவரைக்கும் போனது. அதுவும் அவள் மூக்குக்கு எட்டவில்லை.

ஏரியூருக்கு அந்தப் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து முட்டி நிற்கிற கரையில் இருக்கிறது கல்லுமேடு. பூவிழி வாழ்க்கைப்பட்ட ஊர். எதிர்க்கரையில் வேப்பம்பாறை. அது அவள் பிறந்த ஊர். நடுவில் இருப்பது தண்ணீர்தான். சாயங்காலம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் கரைக்குப் போய் நின்றால் அந்தப் பக்கத்து விளக்குகள் தெரியும். பகலில் போனால் கரையோரம் ஆடுகள் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஆடுகளுக்குப் பின்னால் அசைகிற இன்னொரு பொட்டு அம்மா என்று அவளே வைத்துக்கொண்டிருந்தாள். அது வேறு எவளாவதாகக்கூட இருந்திருக்கலாம்.

கூப்பிடு தூரத்தில் தாய் இருக்க, பரிசல் ஓட, பஸ் ஓட, போய்ப் பார்க்க என்ன கேடு என்று கேட்பீர்கள். கேடு பூவிழியின் வாயிலும் கையிலும் இருந்தது. சாதி மாறி மதியழகனைக் கட்டிக்கொண்டு வந்த மறு வருஷம் அவள் அப்பா செத்துப்போனார். ஆறு மாத வயிற்றோடு ஓடினாள். காளியப்பன் வாசலை மறித்து நின்றான். அப்பன் முகத்தைக் காட்டவில்லை. சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அந்த வாசல் மண்ணை இரண்டு கையாலும் வாரி அண்ணன் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள் பூவிழி. “இனி இந்த ஊரு மண்ணுல என் காலு படாது” என்று ஊரே கேட்கச் சொன்னாள். வாரித் தூற்றியவள் திரும்பி வந்து அந்த மண்ணையே மிதித்தால், தூற்றியது அவள் வயிற்றில் பிறந்ததைத் தேடி வரும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அப்போது வயிற்றில் இருந்த ஐஸ்வர்யா இப்போது தர்மபுரியில் நர்சிங் படிக்கிறாள். பெற்றவளைப் பார்க்கும் ஆசைக்காகப் பெற்றதைப் பணயம் வைக்க எவளுக்கு மனசு வரும்?

அம்மா முனியம்மாளாலும் வர முடியவில்லை. “அவ வூட்டுப் படி ஏறுனா இந்த வூட்டுப் படி எறங்கின மாதிரி” என்று காளியப்பன் சொல்லிவைத்திருந்தான். போனாவது பேசலாம் என்றால் கிழவிக்குக் காது மந்தம். ஒரு தடவை ராமக்காள் தன் போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். கிழவி மகளின் கன்னத்தைத் தடவுகிறேன் என்று கண்ணாடியைத் தடவ, லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட ராமக்காளிடம் காசு தீர்ந்திருந்தது. அந்தத் தடவல்தான் பூவிழிக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்தது.

இனி மூன்று கிறுக்கர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதியழகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பச்சியப்பன் ஏரியூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறவன். மாரப்பன் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயசால் மற்ற இருவருக்கும் அண்ணன். வேலை முடிந்த சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் மூவருக்கும் மதியழகன் வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகைதான் கோயில். அங்கே ஒரு ஜீப்பு இருந்தது. அதில் வத்தல்மலை ஏறிப் போய் மேலே டீ குடிக்க வேண்டும் என்பது மாரப்பனின் ஆசை. இப்போதைக்கு அதற்குச் சக்கரம் கிடையாது, பின் சீட்டில் பூவிழியின் கோழி அடைகாத்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து உயிர்ப்பித்த லோடு ஆட்டோ ஒன்று இருந்தது. பச்சியப்பனுக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி. மூன்றாவதாக ஒரு படகு.

படகு யோசனை மதியழகனுடையது. அப்பா செத்த புதிதில், கரையில் நின்று அழுத பெண்டாட்டியிடம் அவன் சொன்னான்: “மண்ணுல காலு படக்கூடாது, அவ்ளோதான? போட்டுல ஒக்காந்துக்கினே பேசிட்டு வந்தா?” பரிசல்காரன் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான், நமக்காகத் தண்ணீரில் நிற்க மாட்டான், சொந்தப் படகு என்றால் நாள் பூராவும் நிற்கலாம் என்று கணக்குப் போட்டான். உலகத்தில் வேறு எந்தப் புருஷனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வந்தாலும் வேறு எந்தப் பெண்டாட்டியும் நம்பியிருக்க மாட்டாள்.

முதல் படகு பிளைவுட்டில் செய்தார்கள். பெயின்ட் காயட்டும் என்று சுவரோரம் சாத்திவைத்தார்கள், காய்வதற்குள் கரையான் சாப்பிட்டுவிட்டது. இரண்டாவது, நீல பிளாஸ்டிக் டிரம்களை மூங்கிலில் கட்டியது. மிதக்கத்தான் மிதந்தது. ஆனால் காற்றடித்தால் ராட்டினம் மாதிரி நின்ற இடத்தில் சுற்றியது. டிரம்களை ஒரு கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க இரவல் கொடுத்தார்கள், கல்யாணம் முடிந்தது, டிரம் வரவில்லை. மூன்றாவது இரும்புத் தகடு, பச்சியப்பனே வெல்டு வைத்தது. அது முடிந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. ஆனால் என்ஜின் ஒன்றுதான், வண்டி இரண்டு. லோடு ஆட்டோ என்ஜினைக் கழற்றிப் படகில் மாட்டுவார்கள். படகு ஒழுகும். ஒழுகலை அடைப்பதற்குள் பச்சியப்பனுக்குக் கோயில் கிரில் ஆர்டர் வந்துவிடும், என்ஜின் ஆட்டோவுக்கே திரும்பிப் போகும். நடுவில் ஜீப்புக்கு ஒரு சாமான் கிடைத்துவிட்டால் மூவரும் இரண்டையும் விட்டுவிட்டு அதற்கு அடியில் புகுந்துகொள்வார்கள்.

அன்று சாயங்காலமும் ஜீப்புக்கு அடியில்தான் கிடந்தார்கள். வெளியே ஆறு கால்கள் மட்டும் தெரிந்தன.

“மூணு பேரும் எந்திரிச்சு வாங்க” என்றாள் பூவிழி.

“ஒரே ஒரு நட்டு தங்கச்சி” என்றது பச்சியப்பனின் குரல்.

“எங்கம்மா திருப்பூர் போவுது.”

உள்ளே ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டது. மதியழகன் முதலில் வெளியே வந்தான். மூக்கில் கிரீஸ்.

“எப்பயாம்?”

“ஆவணியில. குடியே போறாங்களாம்.”

மாரப்பன் தவழ்ந்து வந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். “ஒரு விதத்துல நல்லதுதான பூவு. திருப்பூரு மண்ணு வேற மண்ணு. நீ அதெ வாரித் தூத்தல. பஸ்ஸேறிப் போயி நேரா வூட்டுக்குள்ளயே—”

“வூடு யாருதுண்ணா? செத்த அப்பன் மூஞ்சியக் காட்டாதவன் வூடு. மாடி வூடாம். கதவச் சாத்தினான்னா எங்கம்மா உள்ள, நா தெருவுல. இங்கன்னா கரை எல்லாருக்கும் பொது. ஆட்டுக்குத் தண்ணி காட்ட கெழவி எறங்கி வருது, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆடும் போச்சு, கரையும் போச்சுன்னா நா எங்கண்ணா போயி பாப்பேன்?”

மூவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

“தண்ணிக்கு அடியில இருக்கறது ஊரு மண்ணு இல்ல, டேமு மண்ணு” என்று மெதுவாக ஆரம்பித்தார் மாரப்பன். “அதுல எறங்கி நின்னா கணக்குல வராதுன்னு நா அப்பவே சொன்னேன்.”

“டேமு கட்றதுக்கு முன்ன அது யாரு மண்ணு?”

“வேப்பம்பாறை மண்ணுதான்.”

“அப்ப பேசாம இருங்க. எம்பொண்ணு நல்லா இருக்கணும்.” பூவிழி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். “என்ஜினு எங்க இருக்குது?”

“ஆட்டோவுல” என்றான் பச்சியப்பன். “பங்குனியிலதான தங்கச்சி மாட்னோம். இப்பதான் ஒரு மாதிரியா செட்டாயிருக்குது. சாமி கும்புட்டுட்டு எலுமிச்சம்பழமெல்லாம் வெச்சு—”

“கழட்டுங்கண்ணா.”

பச்சியப்பன் லோடு ஆட்டோவைப் பார்த்தான், பூவிழியைப் பார்த்தான். ஸ்பேனர் பெட்டியை எடுத்தான்.

அந்த ஆனி முடிந்து ஆடி பிறந்தது. வேலை நடந்ததா என்றால் நடந்தது, ஆனால் இவர்கள் நடத்துகிற மாதிரிதான் நடந்தது. வெல்டிங் ராடு வைத்தால் கரண்ட் போகும். கரண்ட் வந்தால் மதியழகனுக்கு வேன் டிரிப் வரும். ஆடிக்காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்த்து அடுத்த வீட்டு வேப்பமரத்தில் போட்டது. மாரப்பன் போனில் கேரளாவில் படகு கட்டுகிற வீடியோ பார்த்துவிட்டு வந்து, செய்த வேலையைப் பாதியில் நிறுத்தி வேறு மாதிரி செய்யச் சொன்னார். பச்சியப்பன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. ஜீப்புக்கு ஏற்ற சக்கரம் காரிமங்கலத்தில் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, மூவரும் கிளம்பி நின்றார்கள். பூவிழி வாசலில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான். மூவரும் போகவில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. பகலெல்லாம் புளி தட்டினாள். சாயங்காலம் கறுத்த விரல்களோடு வந்து டார்ச் பிடித்தாள், வெல்டு இடுக்கில் தார் காய்ச்சி ஊற்றினாள், வேன் சீட்டுப் பஞ்சை உதறி உட்காரும் பலகைக்கு மெத்தை தைத்தாள். எந்தக் குழாயில் டீசல் வரும், எதில் தண்ணீர் வரும் என்று அவளுக்கு அத்துப்படி. மூவருக்கும் களி கிண்டிப் போட்டு, புதுப்புளி கரைத்த மீன் குழம்பை ஊற்றுவாள். சாப்பிடும்போது மட்டும் மூவரும் சண்டை போட மாட்டார்கள்.

ஒரு நாள் மதியழகன் களியை உருட்டிக்கொண்டே கேட்டான்: “பாத்ததும் என்னா பேசுவ?”

“தெரியல.”

“இத்தன வருசமா நெனச்சிக்கினு இருந்திருப்பியே.”

“நெனச்சதெல்லாம் பழசாப் போச்சுங்க. அப்பாவப் பத்திக் கேக்கணும். அப்பறம்... அது கையி எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு. சின்னதுல தலைக்கு எண்ண தேய்க்கும்போது சொரசொரன்னு இருக்கும். அதெ ஒரு வாட்டி புடிச்சுப் பாக்கணும்.” சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவன் கையைக் கழுவாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பக்கத்துக் காட்டுப் பண்ணைக்குட்டையில் படகை இறக்கிப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. பச்சியப்பன் கயிற்றைச் சுற்றி இழுத்தான், என்ஜின் பிடித்தது. முதல் கியர் போட்டான். படகு பின்பக்கமாகப் போய்க் குட்டைக் கரையில் மோதியது.

“கியரப் பாத்துப் போடுறா” என்றான் மதியழகன்.

“பாத்துத்தான் போட்டேன். மொதல் கியருதான்.”

இரண்டாவது போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டான். சமர்த்தாக முன்னால் வந்தது.

மாரப்பன் கரையில் குந்தி உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். “என்ஜின திருப்பி மாட்டியிருக்கறீங்கடா. ஆட்டோவுல மூஞ்சி அந்தப் பக்கம், இதுல இந்தப் பக்கம். காத்தாடி எதுருல சுத்துது.”

“நீங்க காட்டுன வீடியோ பாத்துதான மாட்னேன்?”

“அந்த வீடியோவ அவன் கண்ணாடியில பாத்து எடுத்தானோ என்னமோ.”

கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும் என்றால் அடித்தளத்தையே வெட்டி மறுபடி வெல்டு வைக்க வேண்டும். கர்நாடகாவில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. ஒகேனக்கலில் நுரை பொங்கினால் இரண்டொரு நாளில் இங்கே ஏறும், ஏறினால் பரிசலுக்கே தடை போட்டுவிடுவார்கள்.

“அப்படியே போலாம்” என்றாள் பூவிழி.

“ரிவர்ஸ்ல ஊருது தங்கச்சி. இழுப்புல தாங்காது.”

“அப்ப போட்டத் திருப்பிக்குங்க. பின்பக்கமாவே போலாம். போயிச் சேந்தாப் போதும்.”

மூன்று பேருக்கும் இது ஏன் தோன்றவில்லை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். ராமக்காள் முந்தின நாளே அக்கரைக்குச் சேதி கொண்டுபோயிருந்தாள். ஐஸ்வர்யா விடுதியிலிருந்து போன் பண்ணி, ட்யூபு கட்டிக்கொள்ளாமல் ஏறக்கூடாது என்று அம்மாவை மிரட்டியிருந்தாள். பூவிழி நல்ல சேலையின் மேல் லாரி ட்யூபை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது, சருகும் குச்சியும் மிதந்து வந்தன. படகு பின்பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, இரண்டாவது கியரில், டபடபவென்று ஊரை எழுப்பிக்கொண்டு கிளம்பியது.

பூவிழி உட்கார்ந்த பலகை கல்லுமேட்டைப் பார்த்துத்தான் இருந்தது. அவள் வீட்டுப் புளியமரம் சிறிதாகிக்கொண்டே போனது. போகிற கரை முதுகுக்குப் பின்னால். திரும்பவும் முடியாது, அசைந்தால் படகு ஒருக்களிக்கிறது என்று மாரப்பன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாதி வந்துட்டமா?”

“வந்துட்டோம்.”

“கரையில யாராச்சும் நிக்கறாங்களா?”

மதியழகன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “பாறைதான் தெரியுது.”

ராமக்காள் சொன்னது கிழவி காதில் விழுந்ததோ இல்லையோ, விழுந்திருந்தாலும் விட்டார்களோ இல்லையோ என்று நினைத்து ட்யூபை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப?”

“நிக்கறாங்க பூவு.”

“யாருங்க?”

“வெள்ளச் சேல. கீழ, தண்ணி ஓரத்துல.” பிறகு அவன் குரல் இறங்கியது. “மேல பாறைகிட்ட இன்னொரு ஆளு. உங்கண்ணன்னு நெனக்கறேன்.”

கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே அடியில் சேறு உரசியது. பச்சியப்பன் கியரை எடுத்தான். மாரப்பன் கல் கட்டிய கயிற்றைத் தண்ணீரில் போட்டுப் படகை நிறுத்தினார். அப்போதுதான் பூவிழி திரும்பிப் பார்த்தாள். அவள் மனசில் இருந்தது நிமிர்ந்த முதுகும் கறுத்த முடியுமாக ஒரு பொம்பளை. கரையில் நின்றது கூன் விழுந்த ஒரு சிறிய கிழவி. வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள். கிழவி கையை நெற்றியில் வைத்துப் படகைத் தேடியபோதுதான் அது அம்மா என்று தெரிந்தது.

“அம்மா.”

கிழவிக்குக் கேட்கவில்லை. என்ஜின் டபடபவென்று அடித்துக்கொண்டிருந்தது. முனியம்மாள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவள் எந்தச் சத்தியமும் செய்யவில்லையே. முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, பூவிழியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவினாள். நெற்றி, கண், மூக்கு, காதுத் தோடு. கை சொரசொரவென்றுதான் இருந்தது.

அம்மா என்னவோ சொன்னாள். என்ஜின் சத்தத்தில் வாய் அசைவதுதான் தெரிந்தது.

“என்னாம்மா? கேக்கலம்மா.”

கிழவி மறுபடி சொன்னாள். பூவிழி திரும்பிக் கத்தினாள்: “அதெ நிறுத்துங்கண்ணா.”

“நிறுத்துனா திரும்பப் புடிக்கறது கஷ்டம் தங்கச்சி. நேத்து அரமணி நேரம் இழுத்தேன்.”

“நிறுத்துடா” என்றான் மதியழகன். “புடிக்கலன்னா பாத்துக்கலாம்.”

பச்சியப்பன் நிறுத்தினான். ஒரே அமைதியாகிவிட்டது. படகின் வயிற்றில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்டது.

“எளச்சுட்டியேன்னு கேட்டேன்” என்றாள் முனியம்மாள்.

பூவிழிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “நானா? நல்லா பாரும்மா, குண்டுதான் ஆயிட்டேன். இது ட்யூபு.”

“பாப்பா வரலியா?”

“தர்மபுரியில படிக்குதும்மா. நர்சு.”

“யாரு சாடை?”

“உஞ்சாடதான். மூக்கு உன்னுது.”

கிழவி தன் மூக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆண்கள் மூவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவரவர் ஒரு பக்கம் தண்ணீரைப் பார்த்தார்கள்.

“அம்மா, அப்பா கடைசியா என்னா சொல்லுச்சு?”

“ம்?”

பூவிழி குனிந்து அவள் காதில் சொன்னாள். கிழவி கொஞ்ச நேரம் படகின் ஓரத்தை விரலால் சுரண்டினாள்.

“உன்னத்தான் கேட்டாரு. பூவு வந்துடுச்சான்னு. வந்துக்கினே இருக்குதுன்னு சொன்னேன். சரின்னாரு. அப்பறம் பேச்சில்ல. வருவன்னு நம்பிக்கிட்டுத்தான் போனாரு. அது ஒண்ணு போதும் சாமி.”

பூவிழி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஊர் கேட்க மண் தூற்றிய அன்று வராத அழுகை அது.

“அங்க மாடி வூடாம்” என்றாள் முனியம்மாள். “ஆடு வெச்சிக்க முடியாதாம். தண்ணி கொழாயில வருமாம். நா நாளெல்லாம் என்னா பண்ணுவேன்னு தெரியல. இங்கன்னா ஆட்ட ஓட்டிக்கிட்டு வந்து ஒக்காந்து உங்க கரையப் பாத்துக்கினு இருப்பேன். கண்ணுதான் தெரியறதில்ல. இருந்தாலும் அந்தப் பக்கம்தான் பாத்துக்கினு இருப்பேன்.”

“நானும்தாம்மா.”

“உங்கண்ணன் உம்பேரச் சொல்றதில்ல. ஆனா ராமக்கா வந்து உன் கதயப் பேசுனா எந்திரிச்சுப் போவமாட்டான். மம்பட்டிக்குக் காம்பு போட்டுக்கிட்டே ஒக்காந்திருப்பான். போட்ட காம்பையே கழட்டிக் கழட்டிப் போடுவான்.” கிழவி பாறைப் பக்கம் திரும்பவில்லை. “இன்னிக்கி எங்கம்மா போறன்னு கேட்டான். கரைக்குன்னேன். போவாதன்னு சொல்லல.”

பேசினார்கள். புளி விலையைப் பற்றி, முட்டி வலியைப் பற்றி, அடுத்த வீட்டுக்காரி அன்பரசி மறுபடி பிள்ளை பெற்றதைப் பற்றி. வெயில் ஏறியது. தண்ணீரும் ஏறியது. கிழவியின் இடுப்புக்கு மேல் விலா எலும்பு வரை வந்துவிட்டதை மதியழகன் கவனித்தான். தூரத்தில் பெரிய மரக்கிளை ஒன்று இழுத்துக்கொண்டு போனது.

“பூவு, கெளம்பணும்” என்றான் தயங்கித் தயங்கி. “தண்ணி வருது. இன்னுங் கொஞ்சம் போச்சுன்னா அத்தையும் கரையேற முடியாது, நாமும் போவ முடியாது.”

“இன்னுங் கொஞ்ச நேரங்க.”

“எனக்கு மட்டும் ஆசையா? பச்சியப்பா, இழுடா.”

பச்சியப்பன் கயிற்றைச் சுற்றி இழுத்தான். என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி இழுத்தான். அதே இருமல். நாலாவது தரம் இருமல்கூட இல்லை. மதியழகன் வாங்கி இழுத்தான், மாரப்பன் இழுத்தார். சட்டைகள் நனைந்தன. பச்சியப்பன் மட்டும் பலகையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “நா அப்பவே சொன்னேன்” என்றான்.

மாரப்பன் துடுப்பைத் தேடினார். துடுப்பு கொட்டகையில், ஜீப்புக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

“அம்மா, நீ கரைக்குப் போ. தண்ணி ஏறுது.” பூவிழி அம்மாவின் கையைப் பிரித்துவிடப் பார்த்தாள். அது பிரியவில்லை.

அப்போது பாறைப் பக்கம் கல் உருண்டது. காளியப்பன் இறங்கி வந்துகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கி, அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு கையால் கிழவியின் முதுகைத் தாங்கிக்கொண்டான். மதியழகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூவிழி காலை இழுத்துப் பலகை மேல் வைத்துக்கொண்டாள்.

“என்னாவாம்?” என்று காளியப்பன் என்ஜினைப் பார்த்துக் கேட்டான்.

“புடிக்கல” என்றான் பச்சியப்பன்.

“மோட்டாரு என்ஜினு நானும் ஓட்டறவன்தான்.” அவன் குனிந்து எட்டிப் பார்த்தான். கை டீசல் டேங்கைத் தடவிக் குழாய் வழியே கீழே இறங்கியது. குழாயில் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். பிடி குழாயோடு நீட்டமாக இருந்தால் டீசல் போகும், குறுக்கே திருப்பினால் நின்றுவிடும். பூவிழியும் அங்கே பார்த்தாள். பிடி குறுக்கே இருந்தது. காலையில் கிளம்பும்போது அதை நீட்டமாகத் திருப்பியவள் அவள்தான். அதற்குப் பக்கத்தில் இத்தனை நேரமும் உட்கார்ந்திருந்தவன் பச்சியப்பன்.

காளியப்பனின் விரல் அந்தப் பிடியின் மேல் நின்றது. அவன் பச்சியப்பனைப் பார்த்தான். பச்சியப்பன் வானத்தைப் பார்த்தான்.

காளியப்பன் அம்மாவைப் பார்த்தான். பிறகு, அப்பா செத்த நாளுக்கு அப்புறம் முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அழுது வீங்கிய முகம், கழுத்துக்குக் கீழே லாரி ட்யூபு, பலகை மேல் இழுத்து வைத்த பாதங்கள். அவன் விரல் பிடியை விட்டு நகர்ந்தது. பிடி குறுக்கேதான் இருந்தது.

“பெரிய ரிப்பேரு” என்றான். “இப்பைக்கு ஆவாது. பொழுது சாய்ஞ்சுரும்.”

“தண்ணி ஏறுதே” என்றான் மதியழகன்.

“ஏறட்டும். எங்கூட்டுப் பரிசல் இருக்குது. கெழவிய அதுல ஒக்கார வெச்சு இங்கியே கட்டிக்கலாம். சாயங்காலம் நானே இழுத்துக்கினு போயி அக்கரையில உட்டுடறேன்.”

முனியம்மாளுக்குப் பாதிதான் கேட்டது. “என்னா சொல்றான்? போறீங்களா?”

பூவிழி அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“இல்லம்மா. அண்ணன் இருக்கச் சொல்லுது.”

காளியப்பன் கையை நீட்டினான். “பதினாலாம் நம்பரு ஸ்பேனரு இருந்தாக் குடுப்பா” என்றான் பச்சியப்பனிடம். “எதையாச்சும் கழட்டுவோம்.”